பச்சை யுணவும் பழஞ்சுவையும்

தமிழ்மக்கள் நாடோறும் வழங்கும் சொற்களுள் 'பலகாரம்' என்பது ஒன்று. கனி எனப் பொருள்படும் 'பலம்' என்னும் வடசொல்லும், உணவு எனப் பொருள்படும் 'ஆகாரம்' என்னும் வடசொல்லும் இயைந்து 'பலாகாரம்' ஆயின. அது மருவிப் பலகாரம் ஆயிற்றென்பர். நோன்பு நாளில் உலையேற்றிய சோற்றை விலக்கிக் கனியும் கிழங்குமே கொள்ளுதல் வேண்டும் என்பது அச்சொல் பிறந்த காலத்துக் கருத்தாதல் வேண்டும். இன்றோ, சோமவார விரதத்து இரவிலும் சட்டி விரதத்து இரவிலும் 'சோறில்லை, பலகாரமே' என்பாருடைய இலையில் விழுவன இட்டலியும் தோசையும் உப்புமாவும் ஆகும். சோற்றை விலக்கிய நா, அச்சோற்றிற்கு மூலமாகிய அரிசியையே அரைத்தும் புளிக்கவிட்டும் அவித்தும் சுட்டும் வேறு வடிவில் மீட்டுக்கொண்டது. நோன்பிற்கும் நாவிற்கும் நிகழ்ந்த வழக்கில் எது வென்றது என்பதை ஒரு சொல்லின் பொருள் திரிந்த வரலாறே காட்டாநிற்கும்.

அவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. அடுப்பேறிய உணவை அறவே நீக்கி, காய், கனி, கீரை, தேங்காய், முளைகட்டிய பயறு என்னும் இவற்றையே உண்டு வாழ்வதென உறுதி பூண்டோர் இந்நாட்டிலும் பிற நாடுகளிலும் உளர். பொருநை நாட்டுச் சிவசைலத்தில் இதன் பொருட்டே ஓர் ஆசிரமமும் எழுந்தது. நோய் நீங்குதல் கருதி இதனை மேற்கொள்வார் சிலர். எளிமை கருதி மேற்கொள்வார் சிலர். நாவை அடக்குதலே கருத்தாக மேற்கொள்வார் சிலர். ஈண்டு ஆராயப்படுவது இம்மூன்றாமவர் நிலையாம். திங்கள் பல கழிகின்றன; கை உறுதியைக் காத்துவருகின்றது. ஆயினும் அடுத்த வீட்டு அடுக்களையிற் கடுகு வெடித்துக் கறிவேப்பிலை மணம் எழுந்த அப்பொழுதே வாயில் நீர் ஊறுகின்றது. கனவிலே புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும் வருகின்றன. விழித்தெழுந்து, உண்டுவிட்டோமோ என்று ஏங்குகின்றார். இவர் நோன்பைக் காத்தவரா, இழந்தவரா?

உடம்பு உண்ணாதிருக்க உள்ளம் உண்ணுமாயின் அது போலி நோன்பே என்பார் ஒரு சாரார். வாயிற் புகாதது உணவாகாது, ஆகலின் இவர்க்குக் குறையொன்றும் இல்லை என்பார் மற்றொரு சாரார். முன்னவர் கூற்றின்படி உலகில் நோன்பிகள் எவரும் இலர். பின்னவர் கூற்றின்படி பட்டினி கிடக்கும் சிறைக்கைதியும் நோன்பியே. இரண்டும் ஏலா.

அவ்வூறல்தான் யாது என்பதை முதற்கண் நோக்குதல் நன்று. உணவிலுள்ள ஒருசார் சருக்கரைப் பொருளும், புரதத்தின் கூறாகிய அமினோ அமிலமும் மிக்க வெப்பத்திற் கூடுங்கால் பொன்னிறமும் எண்ணிறந்த மணப்பொருள்களும் பிறக்கின்றன. 1912ஆம் ஆண்டில் இதனை விளக்கிய பிரெஞ்சு நாட்டு வேதியியற் புலவர் லூயி கமீல் மேயார் பெயரால் இது 'மேயார் வினை' என வழங்கும். தோசையின் முறுகலும், வறுத்த காப்பிக்கொட்டையின் மணமும், எண்ணெயிற் சிவந்த வெங்காயத்தின் இனிமையும் பெரும்பாலும் இவ்வினையின் பயனே. கொதிக்கும் நீர் 100 பாகைக்கு மேல் ஏறாது. முறுகலுக்கோ ஏறக்குறைய 140 பாகை வெப்பம் வேண்டும். ஆகலின் வெறிதே அவித்த பண்டத்தில் அம்மணம் மிகக் குறைவு. பச்சைக்காயில் அஃது இல்லவேயில்லை. தேங்காயும் வாழைக்கனியும் வயிறு நிறைய உண்ட பின்னரும் ஏக்கம் எழுதல் இதனாற் போதரும். வயிறு கேட்பது வேறு; மூக்கும் நாவும் கேட்பது வேறு.

இன்னும் ஒன்று. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிம்பன்சி முதலிய வாலில்லாக் குரங்குகளுக்குப் பச்சைக் கிழங்கையும் வெந்த கிழங்கையும் முன்வைத்தபோது அவை பெரும்பாலும் வெந்ததையே விரும்பின. ஆர்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் இரிச்சர்டு இராங்கம் 2009இல் வெளியிட்ட தம் நூலில், மக்கள் யாக்கையின் சிறிய பற்களும் குறுகிய குடலும் நெருப்பில் வெந்த உணவோடு நெடுங்காலம் பழகியமையால் அமைந்தன என்னும் கொள்கையை நிறுவ முயன்றார். அக்கொள்கையை முற்றும் உடன்படாதாரும் உளர். ஆயினும் வெந்த உணவின்பாற் செல்லும் விருப்பம் ஒருவருடைய ஒழுக்கக் குறைவினாற் புதிதாய் வந்ததன்று, யாக்கையோடு உடன்வந்த பழமை என்ற அளவு தெளியக் கிடக்கின்றது. யாக்கையின் பழமையைப் பாவமென்று நாணுவார், தம் நிழலைக் கண்டு நாணுவாரை ஒப்பர்.

சித்தாந்த நூலோர் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என முத்திறப்படுத்துவர். ஈட்டிவைக்கப்பட்டது முன்னையது, இப்பிறப்பில் உடல்வழியே நுகர்ச்சியாய் வந்து பொருந்துவது இடையது, அந்நுகர்ச்சியின்கண் விருப்பு வெறுப்புக் கொண்டு புதிதாய் ஏற்றிக்கொள்வது பின்னையது. மேற்கூறிய நோன்பியின் வினாவிற்கு இப்பகுப்பே திறவுகோலாம். கடுகு வெடித்த ஓசை செவியிற் பட்டது. மணம் நாசியிற் புக்கது. நாவில் நீர் ஊறிற்று. இவற்றுள் ஒன்றையும் அவர் அழைத்திலர். இவை வந்து பொருந்தியன, அத்துணையே. அடுத்த கணத்தில் அவர் செய்வது யாது என்பதிலேயே வழக்கு இருக்கின்றது. மணம் வந்தது, போயிற்று என்று தம் தொழிலைப் பார்ப்பவர் ஒன்றையும் இழந்திலர். அங்கேயே நின்று மனத்தால் இலை விரித்துக் குழம்பு ஊற்றிப் பிசைபவர், வாயில் ஒரு பருக்கை புகாதாயினும், உண்ணத் தொடங்கிவிட்டார். இனி மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் அடுக்களையை நோக்கிச் சினந்து, 'என் நோன்பைக் கெடுக்கவோ இங்ஙனம் தாளிக்கின்றாய்' என்று மனையாளைக் கடிவர். சுவை பலவற்றையும் விட்ட அவர், அவை எல்லாவற்றினும் காரமுடைய சினம் என்னும் ஒன்றைச் சுடச்சுட உண்கின்றார். நோன்பு கெட்டது இவர்க்கே. அதுவும் அறவே கெட்டது. நடைமுறையிற் காணப்படுவோருள் இவ்வகையார் தொகை சிறிதன்று.

பெருங்காயம் இருந்த கலத்தைக் கழுவிக் கவிழ்த்த பின்னரும் அதன் வாசனை நெடுநாள் நிற்கும். மலம் நீங்கப்பெற்ற சீவன்முத்தர்க்கும் உடம்பு உள்ளளவும் அது வாசனை மாத்திரையாய் வந்து தாக்கும் என்பதற்கு இவ்வுவமை காட்டப்படுதல் சித்தாந்த மாணாக்கர் அறிந்ததே. அவர்க்கே அங்ஙனமாயின், ஓராண்டு பச்சையுணவு உண்டாரொருவர் தம் நாவிற் பழவாசனை எழக்கண்டு உளம் உடைதற்கு யாது காரணம் உளது? உவமை அடுக்களையினின்றே எடுக்கப்பட்டமையும் நோக்கற்பாலது. பெருங்காயக் கலத்தைக் கையாண்டறிந்த மகளிர், அதனை வெறுங்கலமாக வைத்திருப்பின் மணம் போகாதென்பதும், வேறு பண்டம் இட்டு வைத்துப் பழக்கினாலே போமென்பதும் அறிவர்.

இதன்கண் ஒரு பெரிய உண்மை அடங்கியுளது. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது. ஒன்றையும் சாராது தனித்து நிற்றல் அதற்கு இயலாது. சுவையை விடுக என்று அதனை வறிதே ஏவினால், விடப்பட்ட சுவையையே நினைந்து நினைந்து அதன் வண்ணமாய் நிற்கும். 'இன்று எதனை உண்ணவில்லை' என்று எண்ணும் உள்ளம் உண்ணாதவற்றின் பட்டியலையே செபமாலையாக உருட்டுகின்றது. உணவை விலக்கியவனை விட்டுப் புலப்பொருள்கள் அகலினும் அவற்றின்பாலுள்ள சுவையுணர்ச்சி அகலாது, மேலானதொன்றைக் கண்டபோதே அதுவும் அகலும் என்னும் கருத்துப் பகவற்கீதையின் இரண்டாம் இயலிலும் காணப்படும். இவ்வொன்றில் நூல்கள் தம்முள் மாறுபட்டில.

அற்றேல், நாவை அடக்கும் உறுதிதான் எற்றுக்கு? விரும்பியவாறு உண்டு, உள்ளத்தை மட்டும் மேலானதில் வைத்தல் அமையாதோ எனின், அமையாது. உறுதியொன்று இல்லாவிடத்து, தாம் எவ்வளவு நாவிற்கு அடிமைப்பட்டிருக்கின்றார் என்பதே ஒருவர்க்குப் புலப்படாது. கயிற்றின் எல்லைவரை சென்ற கன்றே தான் கட்டுண்டமையை அறியும். நோன்பின் முதற்பயன் வெற்றியன்று, தன்னிலையை அறிதலே.

இதற்குச் சிறந்த சான்று காந்தியடிகள் வாழ்க்கையிற் கிடைக்கின்றது. இளமையில் இலண்டன் மாநகரில் மாணாக்கராயிருந்தபோதே அவர் மசாலைப் பொருள்களைக் கைவிட்டு, வெறிதே அவித்த கீரையை இனிமையாய் உண்ணப் பழகினார். சுவையின் உண்மையான இருப்பிடம் நாவன்று, மனமே என்பது அதனால் தமக்குப் புலனாயிற்றென்று தம் வரலாற்றில் எழுதியுள்ளார். 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் அடுப்பேறா உணவை முயன்று, சில நாட்களில் விடுத்து, அம்முயற்சியை நாட்குறிப்போடு இலண்டன் 'வெஜிட்டேரியன்' இதழிற்கு எழுதினார். 1894இல் அது வெளிவந்தது. முப்பத்தைந்து ஆண்டு கழிந்தும் அவ்வெண்ணம் அவரை விட்டிலது. 1929இல் ஆந்திர நாட்டுச் செலவின்போது, இராசமகேந்திரபுரத்தில் இயற்கை மருத்துவம் பயின்றுவந்த கோபாலராவ் என்பாரைக் கண்டு, அவ்வாண்டு மே மாதத்தில் மீண்டும் தொடங்கினார். முளைகட்டிய கோதுமை 8 தோலா, அரைத்த வாதுமைப்பருப்பு 8 தோலா, இடித்த பச்சிலை 8 தோலா, எலுமிச்சங்கனி ஆறு, தேன் சிறிது; இவையே நாளுணவு. சபர்மதி ஆசிரமத்தில் வேறு பலரும் உடன் தொடங்கினர். அடுக்களையிலேயே நாள் கழிக்கும் மகளிர்க்கு இதனால் விடுதலை உண்டாகும் என்னும் நம்பிக்கையும் அவர்க்கு இருந்தது.

ஆகஸ்டு மாதத்தில் வயிற்றுக்கடுப்பு வந்துற்றது. அவர் அதனை நிறுத்தி ஆட்டுப்பாலுக்கு மீண்டார். மீண்டதனை மறையாது 'யங் இந்தியா' இதழில் நாடறிய எழுதினார். ஈண்டு உன்னற்பாலது அவர் தோற்றமையன்று. தாம் மேற்கொண்டதனைச் 'சோதனை' என்றே முதலினின்று பெயரிட்டமையாகும். சோதனை என்று தொடங்கியவர் முடிவு எதுவாயினும் உண்மையோடு வெளிவரலாம். அதனையே மாறா விரதமென்று உலகறிய முழங்கித் தொடங்கியவர்க்கோ உடம்பு மறுக்குங்கால் இரண்டே வழியுள: உடம்பைக் கெடுத்தல், அல்லது மறைந்து உண்டல்.

விரதத்தின் சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியையும் அடிகள் தம் வாழ்விலேயே கண்டு வருந்தினார். பால் உண்பதில்லையென முன்னமே உறுதி பூண்டிருந்தவர், 1918இல் கடுநோயுற்று உயிர் ஊசலாடிய பின்னர், பசு எருமைகளின் பாலையன்றோ விலக்கினீர் என்று கத்தூரிபா அம்மையார் எடுத்துக்காட்ட, ஆட்டுப்பாலுக்கு இசைந்தார். உறுதியின் எழுத்தைக் காத்து அதன் உயிரைத் துறந்துவிட்டதாகவே பின்னர் அவர் கருதினார். வேறொருவர் ஆயின், 'ஆட்டுப்பாலை விலக்கியதுண்டோ' என்று வழக்காடித் தம்மை மெச்சிக்கொண்டிருப்பர்.

அத்தகைய வழக்காடல் இன்று பச்சையுணவினரிடையே மலிந்துள்ளது. ஏறக்குறைய 48 பாகைக்கு மேல் வெப்பம் ஏறாதாயின் அது பச்சையுணவே என்பது மேல்நாட்டாருட் பலர் கொண்ட வரம்பு. அவ்வரம்பிற்குள் நின்று ஆளிவிதையை அரைத்துக் காற்றுப்பெட்டியில் உலர்த்தி 'ரொட்டி' என்பர். முந்திரிப்பருப்பை ஊறவைத்தரைத்துப் 'பாலாடைக்கட்டி' என்பர். காயை நூல்நூலாகச் சீவி 'நூடுல்ஸ்' என்பர். பண்டம் பச்சை, பெயரும் வடிவும் வெந்தவை. தமிழ்நாட்டிலும் 'இயற்கை யினிப்பு' என்று தேங்காய்த் துருவலோடு அவலும் வெல்லமும் பிசைந்து தருவர். அவல், ஊறிய நெல்லை வறுத்திடித்தது. வெல்லமோ பெருங்கொப்பரையிற் பல நாழிகை கொதித்துக் குழம்பாகி இறுகியது! நெருப்பு வீட்டு அடுப்பில் இல்லாது ஆலையில் இருந்தமையால் கண்ணிற் படவில்லை, அவ்வளவே. இவற்றை உண்ணுதல் குற்றமென்பதன்று. தொடக்கத்திலே கூறிய பலகாரத்தின் கதை மறுபடியும் நிகழ்கின்றது என்பதே கருத்து.

உடம்பின் மொழியையும் செவிமடுத்தல் வேண்டும். ஏக்கமெல்லாம் சபலமென்று தள்ளுதல் தவறு. சிலபோது அஃது உண்மைப் பசியின் கூக்குரல். செருமனி நாட்டில் நெடுங்காலம் பச்சையுணவே உண்டுவந்த ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ஆடவர் மகளிரைப் பற்றி 1999இல் வெளிவந்த ஆய்வு, அவருட் பலர் உடல் எடை வேண்டுமளவிற்குக் கீழே சென்றதனையும், 45 வயதிற்குட்பட்ட மகளிருள் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பதின்மர்க்கு மாதப்பூப்பு ஓரளவோ முழுமையாகவோ நின்றதனையும் கூறுகின்றது. மரவள்ளி போலும் கிழங்குகள் பச்சையாய் உண்ணின் நஞ்சாவன. சாதனத்திற்கென வாய்த்த யாக்கையை நாவை வெல்லுதல் என்னும் பெயரால் வீழ்த்துதல் தவமன்று. வளருஞ் சிறாரை அவ்வழியிற் செலுத்துதல் கொடுமையுமாம்.

இனி, சமைத்தல் என்பது நாவின் பொருட்டே எழுந்த தொழில் என்று கொள்வதும் பிழை. திருக்கோயில் மடைப்பள்ளியில் திருவமுது ஆக்குவார் உப்பும் புளியும் நாவால் ஆராய்தல் இல்லை. கையளவும் மணமுமே அவர்க்கு அளவுகோல். நாள் முழுதும் நெய்யும் பொரியலும் முகத்திற்கெதிரே மணக்க, ஒரு துளியும் நாவிற்படாது அவர் செய்து முடிக்கின்றார். அவ்வேளையில் அவர் பெருநோன்பு நோற்பதாக எண்ணுவதில்லை, எண்ணுதற்கு ஒழிவில்லை. கண்ணப்பரோ இதற்கு மறுதலையாக, தீயிற் காய்ச்சிய ஊனைத் தம் நாவாலே சுவைத்துப் பார்த்து, இனியவற்றையே பிரித்தெடுத்துக் காளத்தியப்பர்க்கு வைத்தார். அவர் நா சுவைத்ததேயன்றி உண்டிலது. ஒருவர் சுவையாது படைத்தார், ஒருவர் சுவைத்துப் படைத்தார். இருவர் நாவும் தமக்கென ஒன்றைக் கேட்டிலது.

இளையான்குடி மாறனார் வரலாற்றைப் பச்சையுணவு பற்றிய வினாவோடு சேர்த்து நோக்குவார்க்கு வியப்பொன்று புலனாகும். வறுமை முதிர்ந்த காலத்து, மழை பொழியும் நள்ளிரவில், இறைவன் அடியவர் வடிவில் அவர் மனைக்கு எழுந்தருளினான். வீட்டில் ஒரு மணியும் இல்லை. பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை இருளிற் கையால் தடவி வாரிக் கொணர்ந்தார் நாயனார். முளைகட்டிய தானியம் தன்னளவிலேயே நிறைந்த உணவென்று பச்சையுணவு நூல்கள் பாராட்டும். அந்நூல் கற்றார் ஒருவர் அங்கிருந்தால், கழுவி அப்படியே படைக்கலாமே என்று கூறியிருப்பர். விறகுச் செலவும் மிச்சம். நாயனாரோ, விறகில்லை என்ற மனையார்க்குத் தம் வீட்டுக் கூரையின் அலகை அறுத்துக் கொடுத்தார். அம்மையார் நெல்லை வறுத்துக் குற்றி உலையேற்றிச் சோறாக்கினார். பறித்துவந்த கீரையைத் தம் கைவன்மையால் வெவ்வேறு கறியாக்கினார். அவ்விரவில் தாமும் பசித்திருந்த அவ்விருவர் நாவும், அச்சோற்றின் ஆவியையும் கறியின் மணத்தையும் நெருங்கியிருந்தே அறிந்தன. அவர்தம் உள்ளம் இருந்த இடம் வந்த விருந்தினர்பால்.

பச்சையுணவு நோன்புடைய இல்லறத்தார் ஒருவர் வீட்டிற்கு நண்பகற் பொழுதில் வெயிலில் நடந்து விருந்தினர் ஒருவர் வருவாராயின், அவர்முன் வெள்ளரிக்காயை நறுக்கி வைத்து உணவுநெறி விரித்துரைத்தல் தகாது. அடுப்பை மூட்டி, உலையேற்றி, தாளித்து, அப்பளம் பொரித்து, இலையிட்டுப் பரிமாறுதலே தகும். மணம் எழத்தான் எழும். வந்தவர்க்கு உப்புப் போதுமோ, இன்னும் சிறிது குழம்பு வேண்டுமோ என்று நோக்கி நிற்கும் அந்நாழிகையில் தம் வாய் ஊறிற்றா என்பது அவர்க்கு நினைவிற்கு வாராது போதலும் கூடும். விருந்தினர் சென்றபின், சட்டியைக் கழுவுங்கால், அடியிற் பிடித்த காந்தலின் மணம் மீண்டும் எழும்; நாவும் ஊறும். ஊறினால் ஊறுக, சட்டி கழுவப்படவேண்டும்.